எவ்வளவு ஏற்றினாய் என்று மட்டும் கேட்காதீர்கள், எங்கே ஏற்றினாய் என்றும் கேளுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பாதி படித்துவிட்டுக் கும்பிடு பொம்மை போட்டு நகர்ந்துவிடுகிறவர்கள் யார் யார் என்று எனக்குத் தெரியும். இந்த ஒரு முறை கடைசி வரை படியுங்கள்.

நம் பள்ளி முன்னாள் மாணவர் குழுவில் இந்த வாரம் ஒரு வீடியோ சுற்றியது. ஜல்லி ஏற்றிய டிராக்டர் ஒன்று கண்மாய்க் கரை மேட்டில் ஏறுகிறது. முன்சக்கரம் இரண்டும் தரையை விட்டு முழ உயரம் எழும்பி நிற்கின்றன. ஓட்டுகிற பையன் ஸ்டியரிங்கை விட்டுவிட்டு, இடது பிரேக்கையும் வலது பிரேக்கையும் மாற்றி மாற்றி மிதித்து வண்டியைத் திருப்புகிறான். அதற்குக் கீழே "கெத்து", "மாஸ்", வரிசையாக நெருப்புப் படங்கள். போட்டவர்களில் பாதிப் பேர் நான் பாடம் நடத்திய பிள்ளைகள்.

அது கெத்து இல்லை. பாரத்தைத் தவறான இடத்தில் ஏற்றிவிட்டார்கள் என்று அந்த வண்டி சொல்கிறது. அந்தப் பையன் பிழைத்தது அவன் திறமையால் கொஞ்சம், அதிர்ஷ்டத்தால் மிச்சம்.

இதைக் குழுவில் எழுதினேன். மூன்று விதமாகப் பதில் வந்தது. "காலங்காலமா இப்படித்தான் டீச்சர் ஏத்துறோம்" என்பது ஒன்று. "டீச்சருக்கு டிராக்டரைப் பத்தி என்ன தெரியும்" என்பது இரண்டு. மூன்றாவது, அமெரிக்காவில் இருக்கும் தம்பி ஒருவர் எழுதியது: "இதுக்கெல்லாம் இங்கே எடையைப் பிரித்துக் கொடுக்கும் கொக்கியே இருக்கு டீச்சர், அதை வாங்கி மாட்டினால் பிரச்சினை தீர்ந்தது." மூன்றுக்கும் இங்கேயே பதில் சொல்கிறேன்.

முதலில் "காலங்காலமாக" என்பது. இது சுத்தப் பொய். நம் பாட்டன்மார் இப்படி ஏற்றவே இல்லை. மாட்டுவண்டியில் மூட்டை அடுக்கும்போது பெரியவர்கள் பார்க்கும் முதல் விஷயம் முன்பாரமா, பின்பாரமா என்பதுதான். முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். பின்பாரம் கூடினால் ஏர்க்கால் மேலே எழும்பும், பூட்டாங்கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். அதனால் மூட்டை அடுக்கி முடித்ததும் ஏர்க்காலை ஒருவர் கையால் தூக்கிப் பார்ப்பார். கொஞ்சம் கனக்க வேண்டும், ஆனால் கையை முறிக்கக் கூடாது. சரியில்லை என்றால் இரண்டு மூட்டையை இடம் மாற்றுவார்கள். மேடு வந்தால் வண்டிக்காரர் முன்னே நகர்ந்து ஏர்க்கால் பக்கம் உட்காருவார், இறக்கத்தில் பின்னே நகர்வார். அவர் உடம்பையே எடைக்கல்லாக வைத்து வண்டியைச் சமன் செய்தார். அவரில் எத்தனையோ பேர் பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவர்கள்.

டிராக்டர் வந்தது. டிராக்டருக்குக் கழுத்துப் புண் வராது, மூச்சு முட்டாது, வழியில் படுத்துக்கொள்ளாது. அதனால் நாம் முன்பாரம், பின்பாரம் என்று கேட்பதையே நிறுத்திவிட்டோம். ஐம்பது குதிரை சக்தி இருக்கிறது, இழுக்கும் என்று மட்டும் பார்க்கிறோம். இழுக்கும், சந்தேகமே இல்லை. திரும்புமா, நிற்குமா என்பதுதான் கேள்வி.

வள்ளுவர் 475-ஆம் குறளில், மயிலிறகுதானே என்று அளவில்லாமல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்றார். மேடையில் எல்லோரும் அதைச் சொல்கிறோம். அது "எவ்வளவு" என்பதற்கான பாடம். "எங்கே" என்பதற்கான பாடம் ஏர்க்காலைத் தூக்கிப் பார்த்த அந்தக் கையில் இருந்தது. அதைத்தான் தொலைத்துவிட்டோம்.

அடுத்து, டீச்சருக்கு என்ன தெரியும் என்பது. எனக்கு டிராக்டர் ஓட்டத் தெரியாது. ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் நெம்புகோல் பாடம் நடத்தியிருக்கிறேன். ஏற்றப்பலகையில் குண்டுப் பையன் நடுவுக்குப் பக்கத்திலும் ஒல்லிப் பையன் ஓரத்திலும் உட்கார்ந்தால் சமமாக நிற்கும் என்று படம் போட்டு நீங்கள் எல்லோரும் மதிப்பெண் வாங்கியிருக்கிறீர்கள். அதே கணக்குதான் இது. கணக்கு சுலபமாக வரட்டும் என்று முழு எண்களாக எடுத்துக்கொள்கிறேன்.

இரண்டு சக்கர டிரெய்லர். கொக்கியில் இருந்து அச்சு வரை 10 அடி. பாரம் 3,000 கிலோ. பாரத்தின் நடுப்புள்ளி அச்சுக்கு 1 அடி முன்னால் இருந்தால் கொக்கியில் இறங்கும் எடை 3,000 × 1 ÷ 10, அதாவது 300 கிலோ. முன்பக்கமாகக் குவித்துக் கொட்டி, நடுப்புள்ளி 3 அடி முன்னால் போய்விட்டால் 900 கிலோ. பாரம் அதே பாரம்தான், ஒரு கல் கூட இல்லை. கொக்கியில் எடை மூன்று மடங்கு.

இப்போது டிராக்டருக்கு வாருங்கள். எடை 2,000 கிலோ என்று வையுங்கள். அதில் முன்சக்கரங்கள் மேல் 800, பின்சக்கரங்கள் மேல் 1,200. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 6 அடி. கொக்கி பின் அச்சுக்கு 2 அடி பின்னால். பின் அச்சுதான் ஏற்றப்பலகையின் நடுக்கட்டை. கொக்கியில் 900 கிலோ அழுத்தினால் முன்சக்கரங்களில் இருந்து அதில் மூன்றில் ஒரு பங்கு, 300 கிலோ கழன்றுவிடும். மீதி 500. இது சமதரையில். பத்துக்கு ஒன்று என்ற சரிவில் கரை ஏறும்போது டிராக்டரின் சொந்த எடையும் பின்னால் சாயும், இழுக்கிற இழுப்பும் முன்பக்கத்தைத் தூக்கும். இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய இன்னொரு 180 கிலோ போய்விடும். மிச்சம் 320.

டிராக்டர் ஸ்டியரிங் பேச்சைக் கேட்க வேண்டும் என்றால் அதன் எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரங்களில் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. நம் வண்டிக்கு அது 400 கிலோ. நாம் 320-இல் நிற்கிறோம். இனி ஒரு குழி, ஒரு கல், கிளட்ச்சைப் படக்கென்று விடும் ஒரு கால் போதும். முன்பக்கம் எழும்பத் தொடங்கினால் ஓட்டுகிறவர் யோசித்து முடிப்பதற்குள் ஒன்றிரண்டு விநாடியில் வண்டி பின்பக்கமாகக் குடைசாய்ந்து அவர் மேலேயே விழும். சிக்கிய வண்டியை இழுக்கும்போது சங்கிலியைக் கொக்கியில் மாட்டாமல் அதைவிட உயரமான இடத்தில் மாட்டுகிறார்களே, அங்கேயும் இதே கதைதான். இழுக்கும் புள்ளி உயர உயர முன்பக்கம் சீக்கிரம் எழும்பும்.

"அப்படியானால் பின்னால் ஏற்றிவிடுகிறோம்" என்கிறீர்களா? அது இதைவிட மோசம். தைலமரக் கட்டையை டிரெய்லருக்கு வெளியே நீட்டி அடுக்குகிறோம். நடுப்புள்ளி அச்சுக்கு 1 அடி பின்னால் போய்விட்டால் கொக்கியை 300 கிலோ மேல்நோக்கித் தூக்கும். அதே ஏற்றப்பலகைக் கணக்குப்படி பின்சக்கரங்கள் மேல் இருந்த 1,200 கிலோவில் 400 போய்விடும். நம் ஊரில் ஓடும் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான். டிரெய்லரில் பிரேக் இருப்பது அபூர்வம். ஆக, நிறுத்த வேண்டிய சக்கரங்களே தரையைச் சரியாகப் பிடிக்கவில்லை. கரையில் இறங்கும்போது பிரேக்கை மிதித்தால் பின்னால் இருக்கும் 4 டன் டிராக்டரைத் தள்ளிக்கொண்டு போகும். கொஞ்சம் கோணலாகத் தள்ளினால் கத்தி மடங்குவது போல மடங்கி, டிராக்டர் குறுக்கே திரும்பிவிடும்.

முன்னால் அதிகமானால் திரும்பாது, பின்னால் அதிகமானால் நிற்காது. இதைத் தெரிந்துகொள்ள மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. எட்டாம் வகுப்பு போதும்.

மூன்றாவது, அமெரிக்கக் கொக்கி. தம்பி சொன்னது உண்மைதான், அப்படி ஒரு சாதனம் இருக்கிறது. அங்கே பிக்கப் வண்டிக்குப் பின்னால் வீடு மாதிரி பெட்டியை மாட்டிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். பெட்டியின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியில் இறங்க வேண்டும் என்பது அங்கே பொது விதி. அதற்குக் குறைந்தால் பெட்டி பாம்பு மாதிரி நெளியும். ஆனால் அந்த எடை முழுவதும் பிக்கப்பின் வால்பக்கத்தில் இறங்குவதால் பின்பக்கம் அமுங்கி முன்பக்கம் எழும்பும். அதைச் சரிசெய்யத்தான் அந்தக் கொக்கி. கொக்கியில் இருந்து இரண்டு எஃகுக் கம்பிகள் பெட்டியின் முன்சட்டத்துக்குப் போகும். அவற்றை முறுக்கேற்றி இழுத்துப் பூட்டுவார்கள். தள்ளுவண்டியின் கைப்பிடியைத் தூக்கினால் எடை முன்சக்கரத்துக்குப் போகிறதல்லவா, அதே வேலைதான். பின் அச்சில் குவிந்த எடையில் ஒரு பங்கு பிக்கப்பின் முன் அச்சுக்கும், ஒரு பங்கு பெட்டியின் அச்சுக்கும் போகும்.

நல்ல சாதனம். ஆனால் அது செய்யாதவற்றையும் சொல்ல வேண்டும். அது ஒரு கிலோ எடையைக் கூடக் குறைக்காது. வண்டி தாங்கும் அளவைக் கூட்டாது. பின்பாரமாக ஏற்றிய பெட்டியைச் சரி செய்யாது. சரியாக ஏற்றிய பிறகும் மிச்சம் இருக்கும் குறையைத் தீர்ப்பதற்குத்தான் அதைக் கண்டுபிடித்தார்கள், கண்மூடித்தனமாக ஏற்றியதை மன்னிப்பதற்கு அல்ல. அதை மாட்ட வண்டியின் சட்டத்தோடு சேர்ந்த உறுதியான பிடிமானமும் அதற்கேற்ற பெட்டியும் வேண்டும். நம் டிராக்டரின் வளையத்திலும் பின்னிலும் அதை மாட்ட முடியாது. அமெரிக்காவில் இருந்து எதை இறக்குமதி செய்ய வேண்டும் என்றால், அந்தக் கொக்கியை அல்ல, கொக்கியில் எவ்வளவு எடை இறங்குகிறது என்று புறப்படும் முன் பார்க்கிற பழக்கத்தை. அதுவும் இறக்குமதி தேவையில்லை, நம் பாட்டன் செய்ததுதான்.

நம் ஊர்ப் பிக்கப்புக்கு வருகிறேன். வீடு கட்டும் வேலைக்குப் போகிற பிக்கப்பைப் பாருங்கள். தொட்டி நிறைய சென்ட்ரிங் தகடும் சிமென்ட் மூட்டையும். அதுவும் கடைசிக் கதவை ஒட்டி, இறக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று. அதற்குப் பின்னால் ஒரு கலவை மெஷினை மாட்டியிருப்பார்கள், சில சமயம் கயிற்றில். வண்டியின் பின்பக்கம் தரையைத் தொடும், முன்பக்கம் வானத்தைப் பார்க்கும். இரவில் அதன் விளக்கு எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும். முன்சக்கரத்தில் எடை குறைந்ததால் ஸ்டியரிங்கும் முன்பிரேக்கும் பாதி வேலைதான் செய்யும். கலவை மெஷினில் விளக்கு கிடையாது, பிரேக் கிடையாது. அதன் மேல் இரண்டு பேர் உட்கார்ந்து வருவார்கள். இதற்கு என்ன கொக்கி மாட்டுவது?

இனி யார் பொறுப்பு என்று பார்ப்போம். எல்லோரும் டிரைவரைத் திட்டுகிறோம். நான் திட்ட மாட்டேன். நடைக்கு இவ்வளவு என்று வாடகை பேசுகிறவர்கள் நாம். "இன்னும் பத்து மூட்டை போடுப்பா, இன்னொரு நடை எதுக்கு" என்று சொல்கிறவர்கள் நாம். கந்தர்வகோட்டைப் பக்கம் கரும்பு, ஆவுடையார்கோவில் பக்கம் நெல், ஆலங்குடிப் பக்கம் தேங்காய் என்று பொருள் மாறும், பேச்சு மாறாது. ஒரு நடையின் வாடகையை மிச்சம் பிடிக்க ஒரு வீட்டுப் பிள்ளையின் உயிரைப் பணயம் வைக்கிறோம். வேண்டாம் என்று சொல்கிற டிரைவருக்கு அடுத்த நாள் வேலை கிடைக்காது. இதில் படித்தவர், படிக்காதவர் வித்தியாசம் இல்லை. என் மாணவர்களில் டிராக்டர் வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள், ஓட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், ஏற்றச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். மூன்றாவது வகையினருக்குத்தான் இந்தப் பதிவு.

சட்டமும் சும்மா இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவை 2019-இல் திருத்தி, அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதலாக உள்ள ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று வைத்தார்கள். ஆனால் இந்த அபராதமும் "எவ்வளவு" என்றுதான் கேட்கிறது. அளவுக்கு உட்பட்ட பாரத்தையே தவறான இடத்தில் வைத்துக் குடைசாய வைக்க முடியும். "எங்கே" என்று கேட்க வேண்டியது நாம்தான்.

கடைசியாக, உறவுகளுக்கு. வேண்டுதல், திருவிழா என்றால் நம் பக்கம் டிராக்டர் இல்லாமல் நடக்காது. குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயில் மாசி மகத்துக்குக் குதிரைக்கு மாலை கொண்டுபோகும் வண்டிகளை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். மாலை வண்டியில் போகட்டும், அழகுதான். மனிதர்கள் ஏன் அதில் போக வேண்டும்?

நெல் மூட்டை அடுக்கிய இடத்தில் அசையாமல் இருக்கும். மனிதர்கள் இருக்க மாட்டார்கள். நாற்பது பேர் என்றால் ஏறக்குறைய 2 டன். வேடிக்கை பார்க்க எல்லோரும் பின்பக்கம் போனால் பின்பாரம். பிரேக் போட்டால் எல்லோரும் முன்னால் சரிவார்கள், முன்பாரம். வளைவில் எல்லோரும் ஒரு பக்கம் சாய்வார்கள். நின்றுகொண்டு போவதால் எடை உயரத்தில் இருக்கிறது, அது இன்னும் சீக்கிரம் சாய்க்கும். தானாக இடம் மாறும் பாரத்தை எந்த டிரைவராலும் சமன் செய்ய முடியாது.

2022 அக்டோபர் 1-ஆம் தேதி உத்தரப் பிரதேசத்தில் கான்பூர் மாவட்டம் காட்டம்பூர் பக்கம், கோயிலில் குழந்தைக்கு முடி இறக்கிவிட்டுத் திரும்பியவர்களின் டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்தது. 25 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். 2024 பிப்ரவரியில் அதே மாநிலத்தில் காஸ்கஞ்ச் பக்கம், கங்கையில் நீராடப் போனவர்களின் டிரெய்லர் குளத்தில் விழுந்து 20 பேருக்கு மேல் போனார்கள். வடநாட்டுச் செய்தி என்று புரட்டிவிடாதீர்கள். குளத்தங்கரைச் சாலை நமக்கு இல்லையா? நம் மாவட்டத்தில் கண்மாய்க் கரை வழியாகப் போகாமல் எத்தனை ஊருக்குப் போக முடியும்?

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். சரக்கு வண்டியில் சும்மா ஏறிப் போகிறவர்களுக்கு இழப்பீடு கொடுக்கும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. சரக்கோடு கூடப் போகிற அதன் உரிமையாளருக்கும் அவருடைய பிரதிநிதிக்கும்தான் 1994-இல் வந்த திருத்தம் இடம் கொடுத்தது. அத்தையும் சித்தியும் பேரப்பிள்ளைகளும் அந்தக் கணக்கில் வர மாட்டார்கள். ஏதாவது நடந்தால் டிராக்டர் வைத்திருக்கும் நம் பங்காளி நிலத்தை விற்றுத்தான் கொடுக்க வேண்டும். போன உயிர் அதிலும் வராது.

ஆகவே நான் கேட்பது நான்கே விஷயம்.

ஒன்று, கனமான பொருளை அடியில், அச்சுக்கு நேராகவும் கொஞ்சம் முன்னாலும் வையுங்கள். இரண்டு சக்கர டிரெய்லரில் நூறு பங்கில் அறுபது முன்பாதியில், நாற்பது பின்பாதியில் என்பது நினைவில் வைக்கச் சுலபமான கணக்கு.

இரண்டு, கொக்கி மாட்டும் முன்பும் மாட்டிய பின்பும் வண்டியின் முன்பக்கத்தைப் பாருங்கள். பிக்கப் என்றால் முன் மட்கார்டு தரையில் இருந்து எவ்வளவு உயரம் என்று டேப் வைத்து அளக்கலாம். பின்பக்கம் கொஞ்சம் இறங்குவது இயல்பு. முன்பக்கம் எழும்பியது கண்ணுக்கே தெரிந்தால் பாரத்தை மாற்றுங்கள், அல்லது இறக்குங்கள்.

மூன்று, அடிக்கடி ஒரே மாதிரி பாரம் ஏற்றுகிறவர்கள் ஒருமுறை எடைமேடைக்குப் போங்கள். டிராக்டரை மட்டும் தனியாக நிறுத்தி எடை போடுங்கள். பிறகு டிரெய்லரை மாட்டி, டிரெய்லர் சக்கரம் மேடைக்கு வெளியே இருக்கும்படி நிறுத்தி மறுபடி போடுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் கொக்கியில் இறங்கும் எடை. இரண்டாவது எடை குறைவாக வந்தால் பின்பாரம் என்று அர்த்தம், அப்படியே வீட்டுக்குத் திரும்புங்கள்.

நான்கு, நம் வீட்டு விசேஷத்துக்கு விறகு, பாத்திரம், ஆடு, பந்தல் சாமான் எல்லாம் டிராக்டரில் போகட்டும். மனிதர்கள் வேனில் போவோம். வேன் வாடகை கட்டுப்படியாகாது என்று யாரும் சொல்ல வேண்டாம். மொய் நோட்டில் என் பெயருக்கு நேரே முதல் தொகையை வேன் வாடகை என்றே எழுதிக்கொள்ளுங்கள். பங்காளிகள் யாராவது "அத்தை வராவிட்டால் போகட்டும், டிராக்டரில் இடம் இருக்கு" என்று சொன்னால், இந்தப் பதிவை அவர்களுக்கு அனுப்பி வையுங்கள்.

டிராக்டர் வைத்திருக்கும் என் பிள்ளைகளே, அடுத்த முறை பாரம் ஏற்றி முடித்ததும் பெட்டியைச் சுற்றி ஒரு நடை நடந்து வாருங்கள். முன்பாரமா, பின்பாரமா என்று உங்களை நீங்களே கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் சாவியைத் திருகாதீர்கள்.

அந்த வீடியோவை இன்னும் யாராவது பகிர்ந்தால், கூடவே இதையும் பகிருங்கள். கருத்து சொல்ல விரும்புகிறவர்கள் கணக்கில் எங்கே தவறு என்று எழுதுங்கள், படித்துப் பதில் சொல்கிறேன். "கெத்து" என்று மட்டும் எழுதுகிறவர்களுக்குப் பழையபடி காதைத் திருகத்தான் வேண்டியிருக்கும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் டீச்சர்